ஆறும் காலம்

கடைசி நாள்.
காவல் அறைக் கருவி
என் கட்டைவிரலை ஏற்கவில்லை.
"இன்னொரு முறை வையுங்கள் மேடம்" என்றார் டரெல்.
வைத்தேன். சிவப்பு.
இருபத்தெட்டு வருடம் காகிதம் புரட்டினால்
ரேகை தேயும் போலிருக்கிறது.

முதல் சீருடையில்
அப்பாவின் பெயரை நெஞ்சில் தைத்தார்கள்.
ஆவுடையப்பன்.
பட்டையில் எழுத்துகள்
டவுன் பஸ் கூட்டம்போல நெருக்கி நின்றன.
இரண்டாம் நாளே சார்ஜென்ட் சுருக்கிவிட்டார்:
கேப்டன் ஆவ்.
தபால் பிரித்தே ஓய்வுபெற்ற மனிதர்
தன் பெயருக்கு ஜார்ஜியாவில்
யாரோ சல்யூட் வைத்ததைப்
பார்க்காமலே போனார்.

அப்போது எனக்குக் கிடைத்த கட்சிக்காரர்கள்
பத்தொன்பது வயதுக்காரர்கள்.
உத்தரவில்லாமல் ஊருக்குப் போனவன்,
இரவுக் கண்ணாடியை அடகு வைத்தவன்.
தோற்ற வழக்குகளின் முகங்கள்தான் நினைவிருக்கின்றன.

கோஸ்தில்
ஒரு மேசை, ஒரு இரும்புப் பெட்டி,
இருமிக்கொண்டே இருந்த மொழிபெயர்ப்பாளர்.
வாசலில் வரிசை.
இடிந்த சுவர், செத்த ஆடு,
எங்கள் வண்டி ஏறிய மாதுளங்கன்றுகள்.
ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் தொகை இருந்தது.
ஆளுக்கும் இருந்தது.
படிவத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால்
ஆறுதல் தொகை.
மூன்றாம் வரி:
இது தவறை ஒப்புக்கொண்டதாகாது.
இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதலாம் என்று
எந்தச் சட்டக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை.
மகனை இழந்தவர் பணத்தை எண்ணவில்லை.
விரலை மையில் தோய்த்து அழுத்தினார்.
கட்டத்துக்கு வெளியே விழுந்தது.
புதுப் படிவம் எடுத்து
"இன்னொரு முறை" என்றேன்.

பிறகு ஹன்ட்ஸ்வில்.
ராணுவத்தின் ஏவுகணை ஒப்பந்தங்கள்.
ஒரு காற்புள்ளிக்காக எட்டு மாதம் மல்லுக்கட்டி
அரசுக்கு நாற்பது லட்சம் டாலர் மீட்டேன்.
எதிர் மேசை வக்கீல் லாங்ஃபோர்ட்
கைகுலுக்கும்போது சொன்னார்:
"நீங்கள் எங்கள் பக்கம் இருந்திருந்தால்..."
வாக்கியத்தை முடிக்கவில்லை.
கெட்டிக்காரர்.

சீருடையைக் கழற்றிய மறுநாளே
அந்தப் பக்கம் போக முடியாது.
விதி இருக்கிறது.
அடுப்பிலிருந்து இறக்கிய பாலைப்போல
ஆள் கொஞ்சம் ஆற வேண்டும்.
ஆறினேன்.
தக்காளி வைத்தேன், அதையும் மான்கள் தின்றன.
ஆறுதலுக்கும் இதுதானே வேர் என்று
ஒரு மதியம், தோட்டக் குழாயும் கையுமாய் நிற்கையில்
தோன்றியது.
தண்ணீர் பக்கத்து வீட்டு வாசல்வரை போய்விட்டது.

ஒன்பதாம் வாயிலுக்கு முந்தைய சிக்னலில்
நேரே போனவள்
இடப்பக்கம் திரும்பினேன்.
மொத்தமே அவ்வளவுதான் தூரம்.
முதல் வேலையாக
அந்தக் காற்புள்ளியை நீக்கிக் கொடுத்தேன்.

துறவிகள் காட்டில் துறந்ததை
குளிரூட்டிய அறையில்
பதினேழாம் பிரிவில் சிறிய எழுத்தில் துறந்தோம்.
பொறுப்புத் துறப்பு.
பொருள் கைமாறிய பின் நேர்வது எதற்கும்
நிறுவனம் பொறுப்பல்ல.
எழுதியவள் நான்.
தூக்கம் வந்ததா என்பார்கள்.
வந்தது.
மகள் கடனில்லாமல் படித்து முடித்தாள்.
அவள் இப்போது
விபத்தில் அடிபட்டவர்களுக்காக வாதாடுகிறாள்,
என்னிடம் வழக்குகள் பற்றிப் பேசுவதில்லை.

மதியம் கேக் வெட்டினார்கள்.
என் இடத்துக்கு வருபவன் முன்னாள் கேப்டன்,
இன்னும் ஏழு வாரம் ஆற வேண்டியவன்.
எந்த மேசை என்று பார்த்துவிட்டுப் போனான்.

சோதனைத் தளத்தில் எதையோ வெடித்தார்கள்.
கண்ணாடி நடுங்கியது.
இந்த ஊரில் அதற்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
டரெல் மட்டும் பழக்கத்தில்
காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டார்.
பிறகு கருவியை ஓரமாய்த் தள்ளி
ஒரு தாளை நீட்டினார்:
"கையெழுத்தே போடுங்கள், போதும்."

முழுப் பெயரையும் எழுதினேன்.
கடைசி எழுத்துகள்
கட்டத்துக்கு வெளியே போயின.
வேறு தாள் எடுக்கக் கை நீட்டினேன்.

"பரவாயில்லை" என்றார்.